மிச்சத்தை நான் தைக்கிறேன்

தனக்கென்று ஒரு போர்வையைத் தொடங்கி, தானே தைத்து, தானே முடித்து மடித்து வைப்பது பெரிய சந்தோஷம்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்பின் தெரியாத யாரோ ஒருத்தி ஆசை ஆசையாகத் துணி வெட்டி, கட்டம் கட்டமாகச் சேர்த்து, பாதியில் கைவிட்டுப் பரண்மேல் போட்ட ஒட்டுத்துணிப் போர்வையை வாங்கி, உள்ளே பஞ்சு வைத்து, அடித்துணி கொடுத்து, ஓரம் கட்டி, அது தேவைப்படுகிற ஒரு இடத்துக்கு அனுப்புகிறோம் பாருங்கள், அந்தக் குஷிக்கு ஈடாக இந்தக் கோவில்பட்டியில் எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை. கடலைமிட்டாயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பகலில் நான் ஜாக்கெட் தைப்பவள். அது சோற்றுக்கு. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு மிஷினில் ஏறுவது இந்தப் போர்வைகள். அது எனக்கே எனக்கு. 

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். குவில்ட் என்கிற இந்த ஒட்டுத்துணிப் போர்வை மூன்று அடுக்கு. மேலே துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த மேல்துணி. நடுவில் பஞ்சோ பழஞ்சேலையோ. அடியில் ஒரே விரிப்பாக அடித்துணி. மூன்றும் நழுவாமல் இருக்க மேலிருந்து கீழ்வரை ஊடுருவி ஓடுகிற தையல். கடைசியில் நாலு பக்கமும் பட்டி. இதில் மேல்துணி தைப்பதுதான் ஜாலி. சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சளா பச்சையா என்று ராத்திரியெல்லாம் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். அதற்கப்புறம் வருவது உழைப்பு. விரிக்க இடம் வேண்டும், குனிந்து ஊக்குக் குத்த முதுகு வேண்டும், அத்தனை பாரத்தையும் சுருட்டி மிஷின் கைக்கு அடியில் நுழைக்கத் தெம்பு வேண்டும். அங்கேதான் முக்கால்வாசிப் பேர் மடித்து வைத்துவிட்டு, அடுத்த மேல்துணிக்குத் துணி வெட்டப் போய்விடுகிறார்கள். நான் குறை சொல்லவில்லை. அவர்கள் அப்படி இருப்பதால்தானே என் மிஷின் ஓடுகிறது!

என் அக்கா மகள் பெங்களூரில் இருக்கிறாள். அவளும் அவளுடைய சிநேகிதிகளும் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள். அவரவர் அலமாரியைத் திறந்து, இனி முடிக்க மாட்டோம் என்று தெரிந்ததையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி ஆம்னி பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். விடியற்காலையில் புறவழிச்சாலையில் போய் வாங்கிக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வரும்வரைகூடப் பொறுமை இருக்காது. முடிச்சுக்குள் விரலை விட்டு உள்ளே என்ன நிறம் என்று பார்த்துவிடுவேன். சில மூட்டையில் முழு மேல்துணி இருக்கும். சிலதில் வெறும் கட்டங்கள், ஒன்றோடொன்று சேராமல், சீட்டுக்கட்டு மாதிரி. அபூர்வமாக எல்லாம் தைத்து முடித்து ஓரப்பட்டி மட்டும் பாக்கி வைத்த ஒன்று வரும். அன்றைக்கு எனக்குத் தீபாவளி. இவ்வளவு தூரம் வந்தவள் கடைசி நாலு ஓரத்தில் ஏன் நின்றாள் என்று யோசித்துக்கொண்டே பட்டி வெட்டுவேன்.

இப்படி ஒருத்தர் தொடங்கி இன்னொருத்தர் முடிப்பது உலகமெங்கும் நடக்கிற சங்கதிதான். அமெரிக்காவில் லுத்தரன் சபைப் பெண்கள், இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ஆம் ஆண்டு முதல் சர்ச் கூடங்களில் கூடி உட்கார்ந்து, அகதிகளுக்கும் ஏழை நாட்டவருக்கும் போர்வை தைத்து அனுப்புகிறார்கள். 60 அங்குலத்துக்கு 80 என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு மேசையில் துணி வெட்டு, இன்னொன்றில் சேர்ப்பு, மூன்றாவதில் அடுக்குகளை ஊடுருவித் தைப்பதற்குப் பதிலாக நூல் முடிச்சுப் போட்டு இறுக்குவது. 1995-இல் அங்கேயே 'புராஜெக்ட் லைனஸ்' என்று ஒன்று தொடங்கியது. நோய்ப்பட்ட குழந்தைகளுக்கு வீட்டில் தைத்த, பின்னிய போர்வைகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். போர்வையை இழுத்துக்கொண்டே திரியும் கார்ட்டூன் பையன் லைனஸின் பெயர் அது.

நம் பக்கமும் சளைத்ததில்லை. சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுப் பெண்கள், ஊர் ஊராக உட்கார்ந்து ஆளுக்குச் சில சதுரங்கள் பின்னி அனுப்பி, 2016 ஜனவரியில் சென்னையில் அவற்றை ஒன்றாகச் சேர்த்து 11,148.5 சதுர மீட்டர் குரோஷேப் போர்வை விரித்தார்கள். கின்னஸ் சாதனை. எனக்குப் பிடித்தது சாதனைகூட இல்லை. அதற்கப்புறம் அந்தப் போர்வைக் கடலைப் பிரித்து, போர்த்திக்கொள்கிற அளவுப் போர்வைகளாக்கி ஏழைகளுக்குக் கொடுத்தார்களே, அது! 2019-இல் சென்னையில் குவில்ட்டுக்கென்றே ஒரு விழா நடந்தது. ஒட்டுத்துணி என்றால் முகம் சுளித்த காலம் போய், அதைச் சுவரில் தொங்கவிட்டுப் பார்க்கிற காலம் வந்திருக்கிறது. வரட்டும். நான் தைப்பது தரையில் விரிக்க.

ஆனால் இந்த வேலை எங்கள் ஊருக்கென்றே வந்தது என்று நான் அடித்துச் சொல்வேன். காரணம் இருக்கிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் படித்து வந்து 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். அந்தத் தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று கரிசல் முழுக்கப் படர்ந்தது. மழையை நம்பின மண். மானாவாரிப் பருத்தி, கம்பு, சோளம். மழை தப்பினால் எதுவுமில்லை. அப்போது சோறு போட்டது தீப்பெட்டிதான். ஒரு வீட்டில் மேல்பெட்டி ஒட்டுவார்கள், பக்கத்து வீட்டில் அடிப்பெட்டி. தீப்பெட்டி ஆபீஸில் ஒருத்தி சட்டத்தில் குச்சி அடுக்குவாள், ஒருவர் மருந்தில் முக்குவார், ஒருத்தி பெட்டியில் அடைப்பாள், இன்னொருத்தி லேபிள் ஒட்டுவாள். என் அம்மா ஆயுசு முழுக்க ஒட்டிய பெட்டிகளுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் ஒரு தீப்பெட்டியைத் தொடக்கம் முதல் முடிவுவரை தனியாளாகச் செய்தவர் என்று இந்த ஊரில் ஒருத்தரைக் காட்டுங்கள் பார்ப்போம்! அடுத்த ஆள் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்வது எங்கள் விரல்களுக்குப் பழகிப்போனது. இதே கூட்டுவேலை அன்றைக்குக் கூலிக்காக நடந்தது. பிள்ளைகளின் விரல்களும் அதில் தேய்ந்தன. இன்றைக்கு அந்தச் சாமர்த்தியத்தை ஆசைக்காக, நமக்குப் பிடித்த நேரத்தில், பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்கிறோம். வேறென்ன வேண்டும்?

மேல்துணி கைக்கு வந்ததும் முதல் காரியம், அதைத் திருப்பிப் பார்ப்பது. முன்பக்கம் எல்லாருக்கும் அழகுதான். பின்பக்கம்தான் ஆளைச் சொல்லும். கால் அங்குலத் தையல்விடுப்பு அத்தனை இடத்திலும் பிசகாமல் ஓடினால், அவள் நிதானக்காரி. மடிப்பையெல்லாம் அடர் நிறத்துப் பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போட்டிருந்தால், யாரிடமோ முறையாகக் கற்றவள். ஒரு கட்டத்தில் மட்டும் தையல் கோணிக்கொண்டு போயிருந்தால் அன்றைக்குக் குழந்தை மடியில் இருந்திருக்கும், அல்லது கரண்டு போயிருக்கும். ஒரு முறை ஒரு மேல்துணியில் பாதிவரை கையால் ஓட்டுத்தையல், மீதி மிஷின் தையல். நடுவில் மிஷின் வாங்கியிருக்கிறாள்! அவள் யாரென்றே தெரியாது. ஆனாலும் அவளுக்காக எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் சாயச் சோதனை. வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு நிறத்தின்மேலும் அழுத்தித் தேய்க்க வேண்டும். சுங்குடிச் சிவப்பு, நீலக் கலம்காரி இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாதவை. ஒட்டினால் அதைத் தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி அலசித் தெளிய விட்டுத்தான் அடுத்த வேலை. பரணிலிருந்து வருகிற துணிகளில் இன்னொரு தொல்லை, அந்துருண்டை வாசம். அதை லேசாக எடுக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த சிசுக்களுக்கு அந்துருண்டை ஏறிய துணி ரத்த அணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் என் வீட்டில் அந்த வாசம் துளியும் இல்லாமல் போகும்வரை துவைப்பும் வெயிலும்தான். வெயிலுக்கா இங்கே பஞ்சம்!

இப்போது அடித்துணிக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: சாரம்! அதாவது கைலி. கட்டம் போட்ட பருத்திக் கைலி. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. இரண்டு மீட்டர் நீளம், கிட்டத்தட்ட 50 அங்குல அகலம். 45-க்கு 60 அங்குலச் சின்னப் போர்வைக்கு, சுற்றிலும் இரண்டு அங்குலம் மிஞ்சும்படி கச்சிதமாக உட்காரும். மூட்டின கைலியாக இருந்தால் மூட்டைப் பிரித்துவிட வேண்டும், அவ்வளவுதான். வெள்ளை வேட்டியைவிட எனக்குக் கைலி உசத்தி. எட்டு முழ வேட்டி ஒன்றில் இரண்டு போர்வைக்கு அடித்துணி கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் எங்கள் கரிசல் புழுதியில் வெள்ளை எத்தனை நாள் வெள்ளையாக இருக்கும்? கறுப்பு மண் பட்ட வெள்ளைத்துணி அப்புறம் ஜென்மத்துக்கும் பழுப்புதான்.

கைலியின் மகிமை அதோடு முடியவில்லை. நேர்கோட்டில் குவில்ட் தையல் போட, சாக்பீஸால் கோடு போட்டு, அது அழிந்து, மறுபடி போட்டு என்று எத்தனை பேர் அல்லாடுகிறார்கள்! கைலியில் கோடு ஏற்கனவே நெய்தே வந்திருக்கிறது. மூன்று அடுக்கையும் அடுக்கும்போது கைலிக் கட்டத்தை மேல்துணியின் ஓரத்துக்கு நேராக வைத்துவிட்டு, எல்லாவற்றையும் குப்புறத் திருப்பிப் போட்டு, அடிப்பக்கத்திலிருந்து கட்டத்தின் கோட்டைப் பிடித்துக்கொண்டே தைத்துப் போனால் போதும். மேல்பக்கத்தில் தெரியப்போவது பாபின் நூல். அதை மேல்துணிக்குப் பொருத்தமாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். பழைய உஷா மிதிமிஷின், 16-ஆம் நம்பர் ஊசி, அங்குலத்துக்கு எட்டுத் தையல். நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கிப் போக வேண்டும். அப்போதுதான் சுருக்கம் வெளியே தள்ளப்படும். இடதுபக்கம் ஒரு ஸ்டூல் போட்டுப் போர்வையின் பாரத்தை அதன்மேல் இறக்கிவிட்டால் துணி ஊசியை இழுக்காது. வழவழவென்று கோடு கோடாக ஓடும் பாருங்கள், கால் தானாக மிதிக்கும், நிறுத்த மனசே வராது.

நடுவில் என்ன வைப்பது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கடையில் சுருளாகக் கிடைக்கிற பாலியஸ்டர் பஞ்சு லேசானது, சீக்கிரம் காயும். ஆனால் வேர்வையைக் குடிக்காது. இந்த ஊரில் அதைப் போர்த்திக்கொண்டு படுத்தால் நனைந்து எழுந்திருக்க வேண்டியதுதான். இலவம் பஞ்சு தலையணைக்கு ராஜா. துவைக்கிற பொருளுக்கு உதவாது, கட்டி தட்டிவிடும். எங்கள் மண்ணின் கருங்கண்ணிப் பருத்தி இருக்கிறதே, குட்டை இழை, முரட்டு இழை, நயமான நூலுக்கு மில்காரர்கள் அதைத் தேட மாட்டார்கள். ஆனால் உள்ளே வைக்கிற பஞ்சுக்கு அந்த முரட்டுத்தனம்தான் அழகு. அமுங்கினாலும் திரும்ப எழும்பும். 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த 'கே' ரகப் பருத்திகள் பலவற்றுக்கும் அந்த நாட்டுப் பருத்திதான் வம்சம். இப்போது கரிசல் காட்டில் எங்கே பார்த்தாலும் மக்காச்சோளம். கருங்கண்ணியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிடைத்தால் பஞ்சு கொட்டுகிறவரிடம் கொடுத்து மெல்லிசாகத் தட்டி வாங்கி, இரண்டு மல்லுத்துணிக்கு நடுவே பரப்பி, இரண்டு அங்குலத்துக்கு ஒரு தையல் வீதம் நெருக்கித் தைப்பேன். தையல் இடைவெளி அதிகமானால் இரண்டாவது துவைப்பிலேயே பஞ்சு ஒரு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். மலைப்பக்கம் போகிற போர்வைக்குத்தான் இத்தனை பாடு. ஊருக்குள் போவதற்கு ஒன்றிரண்டு பழைய நூல்சேலை மடிப்புப் போதும். வங்காளத்துக் காந்தா அப்படித்தான். பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டால் முடிந்தது, பஞ்சே கிடையாது.

மூன்று அடுக்கையும் ஊக்குக் குத்திப் பிணைப்பதற்கு எங்கள் வீட்டு மொட்டைமாடியைவிட்டால் இடமில்லை. ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு ஊக்கு. ஆடி மாசம் மட்டும் அந்தப் பக்கமே போக முடியாது. கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று என் மேல்துணியையா விட்டுவைக்கும்? செங்கலை வைத்தாலும் செங்கலோடு தூக்கும். அதனால் ஆடியில் பட்டி வெட்டுகிற வேலை, சின்னக் கட்டங்களைச் சேர்க்கிற வேலை.

பட்டி! ஐயோ, அதைப்பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. ஜாக்கெட் தைக்கிறவர்களுக்குப் பட்டி என்றதும் கிராஸ் பீஸ்தான் கைக்கு வரும். கழுத்து வளைவுக்கு அது சரி. போர்வையின் ஓரம் நேர்கோடு. நேர் வெட்டே போதும், துணியும் மிச்சம். 45-க்கு 60 என்றால் சுற்றளவு 210 அங்குலம். மூலைக்கும் இணைப்புக்கும் ஒரு 10 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டரை அங்குல அகலத்தில் ஆறு கீற்று வெட்டினால் சரியாகப் போகும். அரை மீட்டர் துணிகூடத் தேவையில்லை. கீற்றுகளைச் சாய்வாக இணைத்தால் இணைப்பு ஓரிடத்தில் குவிந்து முண்டு தட்டாது. நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, மடிப்பில்லாத பக்கத்தைப் போர்வை ஓரத்தோடு வைத்துத் தைத்துப் போக வேண்டும். மூலைக்குக் கால் அங்குலம் முன்னால் நிறுத்தி, நூலை வெட்டி, பட்டியை மேலே மடித்து, பிறகு கீழே மடித்து, அடுத்த ஓரத்தைத் தொடங்க வேண்டும். அதைத் திருப்பிப் பின்பக்கம் கொண்டுவந்தால், மூலை கத்தியால் சீவினது போல நிற்கும். எத்தனை மூலை திருப்பினாலும் எனக்கு அலுக்கவில்லை. ஒவ்வொரு மூலைக்கும் வாய்விட்டுச் சிரிக்கிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள்.

மூலை என்றால் கர்நாடகத்துச் சித்திப் பெண்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹலியால் பக்கத்துக் காடுகளை ஒட்டி வாழ்கிறவர்கள், ஆப்பிரிக்க வம்சாவளி. அவர்கள் தைக்கிற ஒட்டுப்போர்வைக்குக் கவந்த் என்று பெயர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்து நடுவில் வந்து முடிப்பார்கள். நாலு மூலையிலும் துணியை மடித்து மடித்து முக்கோணமாக ஒரு பூ வைப்பார்கள். அது இல்லாவிட்டால் போர்வை துணி உடுத்தாமல் நிற்பது மாதிரியாம்! அந்த ஒரு வழக்கத்துக்காகவே எல்லாப்பூருக்குப் போய்வர வேண்டும் என்று ஆசை.

இனி, எல்லாரும் கேட்கிற கேள்வி. பக்கத்து வீட்டுக்காரி சித்திரை வெயிலில் முந்தானையால் விசிறிக்கொண்டே கேட்பாள்: "ஏன் மதினி, ஊரே வெந்துக்கிட்டுக் கிடக்கு, நீங்க என்னடான்னா போர்வைக்குப் பஞ்சு வச்சுத் தைக்கீக?" நான் சொல்வேன்: "மார்கழியில வெளித்திண்ணையில படுத்துப் பாரு தாயி, அப்பத் தெரியும்." கரிசல் வெட்டவெளி. பகலில் எப்படி வறுக்குமோ அப்படியே மார்கழி, தை ராத்திரிகளில் பனி கொட்டும். கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் அந்த ஈரத்தில்தான் தேறுகின்றன. அதோடு, எங்கள் போர்வைகளில் பாதி போர்த்துவதற்கே இல்லை, விரிப்பதற்கு. சிமெண்டுத் தரையில் கோரைப்பாய்க்கு மேல் ஒரு மெல்லிய குவில்ட் விரித்துக் கொடுங்கள், முதியோர் இல்லத்தில் முட்டிவலியோடு கீழே உட்கார்கிற பாட்டியின் முகத்தைப் பாருங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு மடியை மூடுகிற அளவில் தனியாக, தரையில் புரண்டு சக்கரத்தில் சிக்காதபடி 36 அங்குலச் சதுரமாகத் தைக்கிறேன்.

பச்சைக் குழந்தைகளுக்குப் போவதில் மட்டும் கண்டிப்பு. ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தை தூங்கும்போது மேலே தளர்ந்த போர்வை போடக்கூடாது, முகத்தில் ஏறி மூச்சை அடைக்கும் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்வது. அதனால் பிரசவ வார்டுக்குப் போகிற போர்வைகளில் பஞ்சே கிடையாது. விழித்திருக்கிற குழந்தையைக் கிடத்திக் கொஞ்ச ஒரு விரிப்பு, அவ்வளவுதான். பொத்தான், சரிகை, ஜமிக்கி எதுவும் கூடாது. வந்த மேல்துணியில் அவை இருந்தால் பிரித்து எடுத்துவிடுவேன். வாங்குகிறவர்களிடம் கொடுக்கும்போதே "கீழ விரிக்க மட்டும்தான் ஆச்சி, மேல போர்த்திராதீக" என்று சொல்லித்தான் கொடுப்பது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, பெரியவர்கள் உடுத்திய பழந்துணிதான் முதலில் என்று நம் வீடுகளில் வழக்கம் இருப்பதால், ஒட்டுத்துணி என்று இங்கே யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை.

மற்ற இடங்களில் சுளிப்பார்கள். சுளிக்கவும் உரிமை உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினக் கரையில் சாலையோரமாகக் குவிந்து கிடந்த பழந்துணிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிழிந்ததும் கறைபட்டதுமாக லாரி லாரியாக வந்து இறங்கி, எடுப்பார் இல்லாமல் மழையில் ஊறிப்போனவை. அதில் உதவுகிறதைப் பிரித்தெடுத்து வழிப்படுத்தியவர்களில் கூஞ்ச் அமைப்பும் ஒன்று. அன்ஷு குப்தா 1999-இல் டெல்லியில் தொடங்கியது. 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. உடுத்த முடியாத கிழிசல்களைக்கூட அவர்கள் சுஜனி என்ற தையல்விரிப்பாக மாற்றுகிறார்கள். கொடுப்பவரின் பரண் காலியாவதற்காகக் கொடுக்கிற துணி வேறு, வாங்குபவர் விரித்துப் படுப்பதற்காகத் தைக்கிற துணி வேறு. என் பிள்ளையை எதில் கிடத்த மாட்டேனோ அது என் வீட்டு வாசலைத் தாண்டாது.

2023 டிசம்பர் 17, 18-இல் எங்கள் மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர் வடிந்த வீடுகளில் பாய், தலையணை, மெத்தை எதுவும் மிஞ்சவில்லை. ஊறின மெத்தை காய்ந்தாலும் நாறும். அப்போது அனுப்பியதில்தான் ஒரு சங்கதி பிடிபட்டது: கனமான போர்வையைவிட, வாளித் தண்ணீரில் அலசி ஒரு பகல் வெயிலில் காய்ந்துவிடுகிற மெல்லிய சேலைக் குவில்ட்டுக்குத்தான் அங்கே மவுசு. அதிலிருந்து என் மூட்டையில் ஒரு பங்கு எப்போதும் அந்த ரகம்தான். ஐப்பசி பிறக்குமுன் கட்டித் தயாராக இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் என் அக்கா மகளுக்கும் தீராத வழக்கு. தொடங்கினவள் தேர்ந்த நிறம் பிடிக்காவிட்டால் மாற்றலாமா? மாற்றலாம் என்பாள் அவள். கூடாது என்பேன் நான். ஊதாவுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு வைத்த ஒரு மேல்துணி வந்தது. பார்த்தாலே கண் கூசும். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தைத்தேன். பழுப்புக் கட்டம் போட்ட கைலி, அடர் நீலத்தில் பட்டி. முடித்துக் கொடியில் உதறிப் போட்டேன். என்ன சொல்ல! தெருவில் போன பெண்கள் நின்று பார்த்தார்கள். முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனபோது, அடுக்கிலிருந்த மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு அதைத்தான் இரண்டு பேர் கேட்டார்கள். தொடங்கினவளுக்குத் தெரிந்திருக்கிறது, அந்த நிறம் யாருக்கென்று. ஓரத்தில் அலை அடித்தால் பிரித்து, நடுவே அளந்து, அந்த அளவுக்குச் சரி செய்வேன். தையல் விட்டிருந்தால் போடுவேன். நிறத்தில் கை வைக்க மாட்டேன்.

இப்போது வந்திருக்கிற மூட்டைக்குத்தான் எனக்கு ஆள் வேண்டும். முழுக்க அறுகோணம்! ஒவ்வொரு அறுகோணமும் காகித அச்சின்மேல் துணியை மடித்து, கையால் ஒன்றோடொன்று கோத்தது. காகிதம் இன்னும் உள்ளேயே இருக்கிறது. ஓரத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகையை வெட்டி வைத்திருக்கிறாள். ஒன்றில் 'நிகழும் மங்கள' என்று முடிகிறது, இன்னொன்றில் ஒரு மண்டபத்தின் பாதிப் பெயர், மூன்றாவதில் வெறும் ஏழரை ஒன்பது. கடைசி இரண்டு வரிசை பாக்கி. மிஷினுக்கு இதில் வேலையே இல்லை, எல்லாம் கைத்தையல்தான். அக்கம்பக்கத்தில் கைத்தையல் நன்றாக வருகிறவர்கள் சாயங்காலம் வாருங்கள். ஊசி, நூல், டீ, கடலைமிட்டாய் எல்லாம் என் பொறுப்பு. நடுவில் இருக்கிற பச்சையை மாற்றிவிடலாமா என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது.